எடுத்த எடுப்புல மிதிக்காதீங்கய்யா!

தென்னைக்குத் தண்ணி பாய்ச்சுற வேலையில ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியல. இன்னிக்கு வந்ததே ஒரு கோவத்துலதான். மனசுல இருக்கிறதைக் கொட்டிடுறேன்.

முந்தாநாள் வெள்ளன, மணி அஞ்சு கூட ஆகல. மார்கழிப் பனி. எங்க தெருவுல ஒரு தம்பி ஜீப்பை ஸ்டார்ட் பண்ணினான். ஸ்டார்ட் ஆன அடுத்த நொடியே நியூட்ரல்ல போட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கிறான் பாருங்க. இன்ஜின் அலறுது, தெரு முழுக்கப் புகை. தொழுவத்துல கன்னுக்குட்டி கயித்தை அத்துக்கிட்டு நிக்குது. வெளிய போய், "என்னடா தம்பி இது, பைய விடக் கூடாதா?"ன்னு கேட்டேன். "சித்தப்பா, இன்ஜினைச் சூடு பண்ணுறேன். மலைக்குப் போகணும்ல"ன்னான்.

பக்கத்துல அவன் கூட்டாளி ஒருத்தன், புது கார் வாங்கினவன். அவன் சொல்றான், "இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் சூடே பண்ண வேணாம், சாவியைத் திருகினதும் அடிச்சு ஓட்டலாம், யூடியூப்ல போட்டிருக்காய்ங்க."

ரெண்டு பேரும் தப்பு. எனக்கு இதைச் சொல்ல என்ன தகுதின்னு கேட்டீங்கன்னா, நான் படிச்சது பத்தாவதுதான். ஆனா இந்தத் தப்பைச் செஞ்சு ஒரு இன்ஜினையே தின்னவன் நான். அந்தக் கதையையும் சொல்றேன்.

வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு விவரம். எங்க தேவாரம் மலையடிவார ஊர். தலையைத் தூக்குனா மேற்குத் தொடர்ச்சி மலை. அந்தப் பக்கம் இறங்குனா கேரளா, இடுக்கி மாவட்டம், ஏலக்காய்க் காடு. பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலைன்னு எஸ்டேட்டுகளுக்கு எங்க பக்கத்துப் பொம்பளைங்கதான் தினமும் கூலிக்குப் போறாங்க. கம்பம் பள்ளத்தாக்குல பல ஊர்கள்ல இதே கதைதான். சாக்குலூத்து மெட்டு வழியா ரோடு போட்டுக் குடுங்கன்னு எங்க ஊர் ஜனங்க ரொம்ப வருசமா கேட்டுக்கிட்டு இருக்காங்க. அது வர்ற வரைக்கும் ராசிங்கபுரம், சிலமலை, போடின்னு சுத்தி, முந்தல் வழியா போடிமெட்டு ஏறணும். 17 கொண்டை ஊசி வளைவு. இல்லைன்னா அங்கிட்டு கம்பம்மெட்டு.

காலையில குறிச்ச நேரத்துக்குள்ள எஸ்டேட்டுல நிக்கணும். நேரம் தப்புனா கங்காணி மூஞ்சி சுளிப்பான், சில இடத்துல அரை நாள் கூலியைப் பிடிப்பாங்க. அதனால ஜீப்காரனுக்கு ஒரே அவசரம். அந்த அவசரம் மொதல்ல விழுறது இன்ஜின் தலையில.

இப்ப என் கதை.

2009-ல நான் ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினேன். விவசாயத்துல வர்ற காசு பத்தாம, ஆள் ஏத்தி விட்டா மாசம் ஏதாவது நிக்கும்னு கணக்கு. ஓட்டுறதுக்கு ஒரு பையனை வச்சேன். நல்ல பையன், பொறுமையான பையன். வந்த புதுசுல அவன் ஸ்டார்ட் பண்ணிட்டு செத்த நேரம் நிப்பான். அப்புறம் பைய எடுப்பான். நான்தான் திண்ணையில உக்காந்துக்கிட்டு, "என்னடா நின்னுக்கிட்டே இருக்க, டீசல் உங்கப்பன் வீட்டுதா? மிதிச்சு எடுடா"ன்னு கத்துவேன். நாலு நாள் கத்தினேன். அஞ்சாம் நாள்ல இருந்து அவனும் மிதிக்க ஆரம்பிச்சுட்டான்.

ரெண்டு வருசம் ஓடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா புகை நீலமா வந்துச்சு. ஆயில் குடிக்க ஆரம்பிச்சுச்சு. "பழைய வண்டின்னா அப்படித்தான்"னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆயில் குச்சியை எடுத்துப் பாக்குற பழக்கமும் விட்டுப் போச்சு.

2011 டிசம்பர்ல ஒரு நாள். உள்ள பதினாலு பொம்பளைங்க. போடிமெட்டு ஏத்தத்துல பாதி வளைவு தாண்டினப்புறம் இன்ஜின் கட்டிப் பிடிச்சு நின்னுருச்சு. பையன் கிளட்சை மிதிச்சிருக்கான், வண்டி பின்னால இறங்கப் பாத்திருக்கு. இன்ஜின் நின்னா பிரேக்குக்கு வர்ற வாக்குவமும் நின்னு போகும். ரெண்டு மிதிக்கு மேல பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிரும். அவன் சமயோசிதமா வண்டிப் பின்பக்கத்தை மலைச் சுவர்ப் பக்கம் ஒடிச்சுச் சாத்திட்டான். பொம்பளைங்க குதிச்சு எறங்கி டயருக்குக் கல்லு வச்சாங்க. அந்தப் பக்கம் ஒடிச்சிருந்தா இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மூஞ்சி இருந்திருக்காது.

யாருக்கும் அடி இல்ல. ஆனா பதினாலு பேருக்கும் அன்னிக்குக் கூலி போச்சு. பாதிப் பேர் நடந்தே முந்தலுக்கு எறங்கினாங்க. அதுல எங்க மதினி ஒருத்தங்க. அவங்க ஒரு வார்த்தை திட்டல. "கொழுந்தனாரே, உங்க வண்டியில இனி ஏறலப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க. அவங்களுக்கு அன்னிக்குக் கூலியை நான் குடுத்திருக்கணும். குடுக்கல. கையில காசு இல்லைன்னு சொன்னேன். அது பாதி உண்மை.

இன்ஜினைப் பிரிச்ச மெக்கானிக் அண்ணன் பிஸ்டனை எடுத்து என் கையில குடுத்தாரு. வெள்ளி மாதிரி வழவழன்னு இருக்க வேண்டிய பிஸ்டன் பக்கவாட்டுல, மேலயும் கீழயும் கோடு கோடா ஒரசல். போருக்குள்ளயும் அதே கோடு. "அண்ணே, இது நேத்து வந்த காயம் இல்ல. தினமும் காலையில வாங்கின அடி. ஒரசி ஒரசி ரிங்கு போச்சு, ரிங்கு போனதால ஆயில் குடிச்சுச்சு, ஆயில் இல்லாததால மலையில பிடிச்சுருச்சு"ன்னாரு. அப்புறம் ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரத்துல எனக்குப் பாடம் எடுத்தாரு. அதுக்கப்புறம் நானும் தேடிப் படிச்சேன். படிச்சதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

மொத விசயம், ஆயில். ராத்திரி வண்டி நின்னா, மேல இருக்கிற ஆயில் எல்லாம் வடிஞ்சு கீழ தொட்டிக்குப் போயிரும். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் பம்ப் அதை உறிஞ்சி மேல ஏத்தணும். நம்ம ஜீப், டிராக்டருக்கெல்லாம் பெரும்பாலும் ஊத்துறது 15டபிள்யூ-40 ஆயில். அந்த "டபிள்யூ" குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அந்த ஆயில் 100 டிகிரி சூட்டுல எவ்வளவு இளக்கமா ஓடுமோ, 40 டிகிரியில அதை விட ஏறக்குறைய ஏழு மடங்கு கெட்டி. 20 டிகிரிக்கு எறங்கினா இருபது மடங்கு. பனியில ஒறஞ்ச தேங்காய் எண்ணெயைப் பாட்டில்ல இருந்து ஊத்திப் பாத்தவங்களுக்குப் புரியும். அந்தக் கெட்டி ஆயில் பேரிங்குக்கும் வால்வுக்கும் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். சேர்றதுக்குள்ள நீ மிதிச்சா, இரும்பும் இரும்பும் நேரா ஒரசும்.

ரெண்டாவது விசயம், பிஸ்டன். பிஸ்டன் அலுமினியம். அது ஓடுற போர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பை விட ரெண்டு மடங்கு விரியும். போதாக்குறைக்கு நெருப்பு நேரா விழுறது பிஸ்டன் தலையில. வெளிய போரைச் சுத்தி இருக்கிறது பச்சைத் தண்ணி. எடுத்த எடுப்புல மிதிச்சா பிஸ்டன் சட்டுன்னு ஊதும், போர் அப்படியே நிக்கும். நடுவுல இருந்த மயிரிழை இடைவெளி போயிரும். என் பிஸ்டன்ல இருந்த கோடு அப்படி விழுந்ததுதான். பைய ஓட்டினா ரெண்டும் சேர்ந்து விரியும், சண்டை இல்ல.

இப்ப எதிர்க்கேள்வி கேக்குறவங்களுக்கு வர்றேன்.

"நம்ம ஊர்ல என்ன குளிரு? இது வெளிநாட்டுக்காரன் கவலை"ங்கிறாய்ங்க. மேல சொன்ன கணக்கை இன்னொரு தடவை பாருங்க. 40 டிகிரிங்கிறது நம்ம சித்திரை வெயில். அந்த வெயில்ல நின்ன வண்டியில கூட ஆயில் ஏழு மடங்கு கெட்டி. நமக்கு வேர்க்குதுங்கிறதால இன்ஜினுக்குச் சூடு வந்துருச்சுன்னு அர்த்தம் இல்ல. அதோட, ராத்திரி மலையிலயே தங்குற வண்டிக்குப் பூப்பாறைக் குளிர் தேவாரக் குளிர் இல்ல.

"புது வண்டிக்கு வேணாம்"ங்கிறது பாதி உண்மை. பழைய கார்புரேட்டர் பெட்ரோல் வண்டி சூடாகாம எடுத்தா இருமும், நின்னுரும். அதனால அந்தக் காலத்துல நிறுத்தி வச்சு சூடு பண்ணினாங்க. இப்ப கம்ப்யூட்டர் பாத்து எரிபொருளைக் கூட்டிக் குறைச்சு விடுறதால வண்டி நிக்காது, உடனே நகரும். ஆனா கம்ப்யூட்டர் ஆயிலைச் சூடாக்காது. அமெரிக்காவுல அரசாங்கமே சொல்றது, அரை நிமிசம் ஓட விட்டுட்டு மெதுவா எடுங்கன்னுதான். நம்ம பயலுக "அரை நிமிசம்"ங்கிறதை மட்டும் பிடிச்சுக்கிட்டாய்ங்க. "மெதுவா"ங்கிறதை வசதியா விட்டுட்டாய்ங்க. புது வண்டியில டர்போ வேற. அதுக்குள்ள சுத்துற தண்டு நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும், ஆயில் படலத்துல மிதந்துக்கிட்டு. அந்த ஆயில் வந்து சேர்றதுக்குள்ள மிதிச்சா, போறது டர்போ. அதோட விலையைக் கேட்டுட்டு வந்து என்கிட்ட பேசு தம்பி.

அடுத்து, என் வயசுக்காரங்க. "அரை மணி நேரம் ஓட விட்டாத்தான் நல்லா சூடாகும்"னு வாசல்ல வண்டியை உறும விட்டுட்டு, பல் தேய்ச்சு, காபி குடிச்சுட்டு வர்ற ஆளுக. அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்களும் தப்பு. டீசல் இன்ஜின் சும்மா நின்னு ஓடினா அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. வேலை இருந்தாத்தான் அதுக்குச் சூடு. சூடு இல்லாம எரியுற டீசல் முழுசா எரியாது. எரியாத டீசல் போர்ல இருக்கிற ஆயிலைக் கழுவி, ரிங்கு வழியா எறங்கி, கீழ ஆயிலோட கலந்து அதை நீர்த்துப் போக வைக்கும். டீசலும் வீண், புகை பக்கத்து வீட்டுப் பிள்ளை மூக்குல. ஜெர்மனியில வண்டியை நிறுத்தி வச்சுக்கிட்டு இன்ஜினைத் தேவையில்லாம ஓட விடுறது போக்குவரத்து விதிப்படியே தப்புன்னு வச்சிருக்காங்க. குளிர் நாட்டுக்காரனே அப்படின்னா நமக்கு என்ன?

சூடுங்கிறது நின்னு வர்றதில்ல, பைய ஓடி வர்றது. நம்ம முன்னோர் மாட்டை எப்படி வேலை வாங்கினாங்க? தொழுவத்துல இருந்து அவுத்து, பூட்டின உடனே யாராவது சாட்டையால அடிச்சு மேட்டுல ஏத்துவாங்களா? கொஞ்ச தூரம் அதும்போக்குல நடக்க விடுவாங்க. கால் இளகின அப்புறம்தான் "ட்ரியோ"ன்னு அதட்டுவாங்க.

எங்கப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர். கிணத்து மேட்டுல ஒரு ஆயில் இன்ஜின் வச்சிருந்தார். ஹேண்டில் போட்டுச் சுத்தி ஸ்டார்ட் பண்ணினா, மொதல்ல கம்மி வேகத்துலதான் ஓட விடுவார். இன்ஜினைச் சுத்திட்டு வெளிய விழுற தண்ணியில கையை வச்சுப் பாப்பார். கைக்கு வெதுவெதுன்னு வந்தப்புறம்தான் வேகத்தைக் கூட்டுவார். அந்த இன்ஜினை இருபது வருசத்துக்கு மேல ஓட்டினார். அவர் மகன் நான் ரெண்டு வருசத்துல ஒரு இன்ஜினைக் கொன்னேன்.

சரி, என்ன செய்யணும்? பெரிய வித்தை ஒண்ணும் இல்ல.

டீசல் வண்டியா, சாவியைப் பாதி திருகினதும் சுருள் மாதிரி ஒரு லைட் எரியும், ஹீட்டர் பிளக்குக்கு. அது அணையட்டும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணு. ஆயில் லைட் அணையுதான்னு பாரு. அரை நிமிசம், பழைய வண்டின்னா ஒரு நிமிசம், ஆக்சிலேட்டர்ல கால் வைக்காம விடு. அதுக்கப்புறம் எடு, ஆனா பைய எடு. நியூட்ரல்ல மிதிச்சு உறும விடுறது அறவே கூடாது. மொத அஞ்சு நிமிசம் பாதி மிதிக்கு மேல போகாத. டெம்பரேச்சர் முள்ளு நடுவுக்கு வந்துட்டாலும் அது தண்ணி சூடு மட்டும்தான். ஆயில் சூடாக இன்னும் கொஞ்சம் ஆகும். முள்ளு வந்தப்புறமும் நாலஞ்சு கிலோமீட்டர் பொறுத்து மிதி.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுல சாமி குடுத்த வசதி ஒண்ணு இருக்கு. தேவாரத்துல எடுத்தா ஏத்தம் உடனே வராது. ராசிங்கபுரம், சிலமலை, போடின்னு சமதளம். இன்ஜின் இளகுறதுக்குன்னே போட்ட ரோடு மாதிரி. சிலமலை வரைக்கும் பையப் போ. முந்தல் தாண்டினப்புறம் உன் பலத்தைக் காட்டு, நான் கேக்க மாட்டேன். ராத்திரி போடியில நிக்கிற வண்டிக்கும் எஸ்டேட்டுல நிக்கிற வண்டிக்கும் இந்த வசதி கிடையாது, எடுத்ததும் கொஞ்ச தூரத்துலயே மேடு. அவங்க இன்னும் கவனமா இருக்கணும். மேல போடிமெட்டுல டீக்கடையில நிறுத்துறப்பவும் சட்டுன்னு சாவியைப் பிடுங்காத. டர்போ வண்டின்னா ஒரு நிமிசம் ஓட விட்டு அணை, கொதிச்சுக் கிடக்கிற டர்போவுக்கு ஆயில் கொஞ்சம் போகட்டும். டிராக்டருக்கும் இதேதான். ஸ்டார்ட் பண்ணின உடனே கலப்பையை எறக்காதீங்க. காடு வரைக்கும் ஓடட்டும், அதுவே போதும்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்க. இதுக்குக் காசு இல்ல, ஒரு கந்தல் துணி போதும்.

கடைசியா ஒண்ணு. இதை டிரைவர்களுக்குச் சொல்லல, வண்டி முதலாளிகளுக்குச் சொல்றேன். ஏன்னா நான் அந்தத் திண்ணையில உக்காந்திருந்தவன்.

டிரைவர் பையன் மேல பழி போடுறது சுலபம். "பயலுக்கு ஓட்டத் தெரியல"ன்னு ஊரெல்லாம் சொல்லலாம். நானும் சொன்னேன். அந்தப் பையனுக்கு ஓட்டத் தெரியும். அவனுக்கு அஞ்சு நிமிசம் குடுக்காதது நான். கணக்கு போட்டுப் பாத்தேன். வருசத்துக்கு முந்நூறு டிரிப், ரெண்டு வருசத்துக்கு அறுநூறு. டிரிப்புக்கு அஞ்சு நிமிசம்னா மூவாயிரம் நிமிசம். அம்பது மணி நேரம். முழுசா ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளை மிச்சம் பிடிக்கப் போயி வண்டி ஒன்றரை மாசம் ஷெட்டுல நின்னுச்சு. போர் பண்ணி, பிஸ்டன், ரிங்கு, பேரிங் எல்லாம் மாத்தி 62,000 ரூபாய். வீட்டுக்காரி செயின் அடகுக்குப் போச்சு. மீட்க நாலு வருசம் ஆச்சு. இது மொத்தமும் பதினாலு பொம்பளைங்க உசுரைப் பணயம் வச்சுச் செஞ்ச மிச்சம்.

அதனால முதலாளிமாரே, வண்டி அஞ்சு மணிக்குக் கிளம்பணும்னா நாலு அம்பத்தஞ்சுக்கு வரச் சொல்லுங்க. அந்த அஞ்சு நிமிசத்துக்கும் சேத்துச் சம்பளம் குடுங்க. எஸ்டேட்டுக்கு ஆள் புடிச்சு விடுறவங்களும் இதைக் கேட்டுக்குங்க. மலை ரோட்டுல பத்து நிமிசம் பிந்தி வந்த பொம்பளைக்கு அரை நாள் கூலியைப் பிடிச்சா, அடுத்த நாள் அந்த டிரைவர் வளைவுல மிதிக்கத்தான் செய்வான். அதுக்குப் பொறுப்பு உங்களுக்கும் உண்டு.

வண்டியில ஏறுற அத்தை, மதினிமாருக்கும் ஒரு வார்த்தை. ஏறி உக்காந்ததும் டிரைவர் தம்பி எடுத்த எடுப்புல மிதிச்சா, "பைய எடுப்பா, நாங்க ஒண்ணும் ஓடிப் போயிர மாட்டோம்"னு சொல்லுங்க. பதினாலு பேர் சேந்து சொன்னா எந்த டிரைவரும் கேப்பான்.

முந்தாநாள் திட்டு வாங்கின தம்பி நேத்துக் காலையிலயும் வண்டி எடுத்தான். ஸ்டார்ட் பண்ணிட்டு என் வீட்டு வாசலைப் பாத்தான். நான் திண்ணையிலதான் உக்காந்திருந்தேன், ஒண்ணும் பேசல. ஒரு நிமிசம் சும்மா நின்னான். அப்புறம் பைய எடுத்துக்கிட்டுப் போனான். கன்னுக்குட்டி தலையைக் கூடத் தூக்கல.

அடுத்த வாரம் தென்னையில வெள்ளை ஈ பத்தி எழுதுறேன். வரட்டுமா.